எஞ்சின் ரூமில் தீப்பிடித்தால்: அலாரம் ஒலித்தது முதல் மறுபடி உள்ளே இறங்கும் வரை

முதல் முறையாகக் கப்பலேறப் போகிற கேடட்டுகள், டிரெயினி எஞ்சினியர்கள், மோட்டார்மேன்கள் ஆகியோருக்காகவும், மாதந்தோறும் நடக்கும் தீயணைப்பு ஒத்திகையைப் பத்து நிமிடத்தில் முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்புகிற அனுபவசாலிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். சரக்குக் கப்பலில் எங்கு வேண்டுமானாலும் தீப்பிடிக்கலாம் என்றாலும், நான் அதிகம் அஞ்சும் இடம் எஞ்சின் ரூம்தான். அழுத்தத்தில் ஓடும் எரிபொருளும், அதைப் பற்றவைக்கப் போதுமான சூட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் பக்கம் பக்கமாக இருக்கிற வேறு இடம் கப்பலில் இல்லை. 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறக்கூடிய பரப்புகளை லேகிங் என்ற வெப்பக் காப்புறை போட்டு மூட வேண்டும் என்று, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தம் விதிப்பதற்கும், உயர் அழுத்த எரிபொருள் குழாய்களுக்கு மேல் இன்னொரு உறைக்குழாய் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். ரிப்பேருக்காகக் கழற்றிய லேகிங்கை நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால், அந்த ஓரடி வெற்றிடத்தில் எண்ணெய் பீய்ச்சியடிப்பதற்கு ஒரு குழாய் இணைப்பு தளர்ந்தால் போதும்.

2020 செப்டம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து பாரதீப்புக்கு ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்துகொண்டிருந்த நியூ டைமண்ட் என்ற பெரிய டேங்கர், இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் சங்கமன்கண்டிக்கு நேரே எஞ்சின் ரூமில் தீப்பிடித்தது. கப்பலில் இருந்த 23 பேரில் ஒருவர் இறந்தார். மற்றவர்களை இலங்கைக் கடற்படையும் அருகில் இருந்த கப்பல்களும் மீட்டன. இந்தியக் கடலோரக் காவல்படையும் சேர்ந்து பல நாள் போராடித் தீயை அணைத்தார்கள். எண்ணெய்த் தொட்டிகள் தப்பியது அந்தக் கரைக்குக் கிடைத்த பெரும்பேறு. பிறகு இந்தக் கப்பலுக்கு மறுபடி வருகிறேன், ஏனெனில் அங்கே நடந்த இன்னொரு விஷயம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எஞ்சின் ரூம் தீயை நாம் தண்ணீரால் வெல்வதைவிடக் கதவைச் சாத்தி வெல்வதே அதிகம். காற்றையும் எரிபொருளையும் நிறுத்தி, சுற்றுச்சுவர்களைக் குளிர்வித்து, பிறகு பொறுமையாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த மூன்றில் அடங்கும். கடைசியில் சொன்ன பொறுமைதான் மூன்றிலும் கடினமானது.

தீயை முதலில் பார்ப்பவர்

பணியில் இருக்கும்போது தீயைப் பார்த்தால் உங்கள் முதல் வேலை அதை அணைப்பது அன்று, சொல்வது. உரக்கக் கத்துங்கள், அருகில் இருக்கும் அலாரப் பெட்டியின் கண்ணாடியை அழுத்துங்கள், கப்பலை இயக்கும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு ஃபோன் செய்து எங்கே, என்ன எரிகிறது, யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். ‘எஞ்சின் ரூமில் தீ’ என்பது போதாது. ‘பியூரிஃபையர் ரூம், எண்ணெய் எரிகிறது, ஃபிட்டர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறார்’ என்று சொன்னால், மேலே இருப்பவர்களுக்கு அடுத்த பத்து நிமிட வேலை அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

சொன்ன பிறகு, தீ இன்னும் ஒரு குப்பைத்தொட்டி அளவில்தான் இருக்கிறது, உங்கள் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி திறந்திருக்கிறது என்றால் மட்டும் கையடக்க அணைப்பானை எடுங்கள். எண்ணெய்த் தீக்கு நுரை அல்லது பவுடர், சுவிட்ச்போர்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு. அடிக்கும்போது தீயின் உச்சியை நோக்கி அடிக்காமல் அடிப்பாகத்தை நோக்கிப் பக்கவாட்டில் வீசி அடிக்க வேண்டும். ஆறு கிலோ பவுடர் அணைப்பான் ஏறக்குறைய கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று தீர்ந்தும் தீ அடங்கவில்லை என்றால், இரண்டாவதைத் தேடி ஓடாமல் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள்.

கப்பலின் சமையலறையான கேலியில் வாணலி எண்ணெய் பற்றினாலும் இதே ஒழுங்குதான். மின்சாரத்தை நிறுத்தி, மூடியையோ தீத்தடுப்புப் போர்வையையோ மெதுவாக உங்கள் பக்கமிருந்து அப்பால் தள்ளி மூடி, ஆறும்வரை திறக்காமல் இருக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டராக விரிகிறது. எரியும் எண்ணெயின் அடியில் அது நடந்தால் அந்த எண்ணெய் முழுவதும் கூரைக்கும் சமையற்காரரின் முகத்துக்கும் போகும்.

புகை சூழ்ந்துவிட்டால் எஞ்சின் ரூமில் இருப்பவர்கள் மேலேறும் ஏணிகளை நாடாமல், அடித்தளத்திலிருந்து நேரே டெக்குக்குப் போகும் எஸ்கேப் டிரங்கை நாட வேண்டும், ஏனெனில் சூடும் புகையும் ஏணிப் பாதையில்தான் மேலே போகின்றன. வழியில் மாட்டியிருக்கும் ஈ.ஈ.பி.டி. என்ற தப்பிக்கும் மூச்சுக்கருவியை எடுத்துத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளுங்கள். அது குறைந்தது பத்து நிமிடம் காற்றுத் தரும். வெளியே வருவதற்கு மட்டுமே அது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் தீயணைக்கவோ, நண்பனைத் தேடவோ உள்ளே போகக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எஸ்கேப் டிரங்கின் கதவை எட்ட உங்களால் முடியுமா என்று கப்பலேறிய முதல் வாரத்திலேயே ஒரு நாள் நடந்து பாருங்கள். கைப்பிடி எத்தனையாவது அடியில் இருக்கிறது, கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தலை எண்ணுவது

ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுகிய ஒலியும் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது பொது அபாய அறிவிப்பு. பல கப்பல்களில் தீக்குத் தனியாக, நிற்காமல் ஒலிக்கும் மணி உண்டு. எது எதற்கு என்பது உங்கள் கேபினில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கும். லைஃப் ஜாக்கெட், முழுக்கைச் சட்டை, ஷூ ஆகியவற்றோடு, எல்லோரும் கூட வேண்டிய இடமான மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய் நில்லுங்கள். அங்கே நடக்கும் தலை எண்ணிக்கையைச் சிலர் வெறும் சம்பிரதாயமாக நினைக்கிறார்கள். எஞ்சின் ரூம் முழுவதையும் நிரப்பித் தீயோடு உள்ளே இருக்கும் ஆளையும் மூச்சடைக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திறக்கலாமா வேண்டாமா என்ற முடிவு அந்த எண்ணிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஆகவே பெயர் சொல்லி அழைக்க வேண்டும், ஆள் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். ‘அவன் வந்துகொண்டிருப்பான்’ என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லும் பதிலை ஏற்கக் கூடாது. துறைமுகத்தில் இருந்தால் ஒர்க்‌ஷாப் ஆட்கள், சர்வேயர், கடைக்காரர் எனக் கப்பலேறும் படிவழியான கேங்வேயின் பதிவேட்டில் ஏறியவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

இதற்குள் பிரிட்ஜில், ஆட்கள் தங்கும் பகுதியைவிட்டுப் புகை விலகும்படி கப்பலைக் காற்றுக்கேற்பத் திருப்பி, வேகத்தைக் குறைத்து, கப்பலின் இருப்பிடத்தைக் குறித்துவைத்து, செய்தி அனுப்பத் தொடங்கியிருப்பார்கள். உதவி தேவைப்படாமலேகூடப் போகலாம் என்று நினைத்து அறிவிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. அவசரச் செய்தியை முன்கூட்டியே அனுப்பிவிட்டுப் பிறகு திரும்பப் பெறுவதில் எந்தக் குறைவும் இல்லை. நம் கடற்பகுதியில் அதைக் கேட்டு ஒருங்கிணைக்க, கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் சென்னையில் இருக்கிறது.

காற்றையும் எரிபொருளையும் நிறுத்துவது

ஃபயர் கன்ட்ரோல் ஸ்டேஷனில் எஞ்சின் ரூம் மின்விசிறிகளையும் எரிபொருள் பம்புகளையும் நிறுத்தும் அவசர பொத்தான்களும், எண்ணெய்த் தொட்டிகளின் குவிக் குளோசிங் வால்வுகளை இழுத்து மூடும் கைப்பிடிகளும் இருக்கும். எரியும் இடத்துக்கு எண்ணெய் போகிற வழியை அடைக்காமல் தீயை அடக்க முயல்வது, குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: எமர்ஜென்சி ஜெனரேட்டரின் எரிபொருள் வால்வு தனியானது, அதை இழுத்துவிடக் கூடாது. முதன்மை மின்சாரம் போனால் 45 விநாடிக்குள் அது தானாக ஓடத் தொடங்கிச் சுமையை ஏற்க வேண்டும். பல கப்பல்களில் எமர்ஜென்சி ஃபயர் பம்பு அந்த மின்சாரத்தை நம்பித்தான் இருக்கிறது.

பிறகு காற்று வழிகளை அடைக்கும் தகடுகளான டேம்பர்கள், ஸ்கைலைட், ஃபனல் என்ற புகைபோக்கியின் ஃபிளாப், வெண்டிலேட்டர்கள், கதவுகள். இவை எத்தனை, எங்கே, யார் மூடுவது என்பது, அவசரத்தில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் மஸ்டர் லிஸ்டில் இருந்தாக வேண்டும். நான் தேர்ட் எஞ்சினியராக இருந்த பழைய பல்க் கேரியர் ஒன்றில், ஒத்திகையின்போது ஃபனல் டேம்பரை மூடும் பொறுப்பு எனக்கு. கைச்சக்கரத்தைச் சுற்றினேன், வெளியே இருந்த காட்டிமுள் ‘ஷட்’ என்ற எழுத்தில் வந்து நின்றது, மூடியாயிற்று என்று வாக்கி டாக்கியில் சொன்னேன். பக்கத்தில் நின்ற தூத்துக்குடிக்காரரான போசன் (டெக் ஆட்களின் தலைவர்), “முள்ளைப் பாக்காதீங்க சார், உள்ள தகட்டைப் பாருங்க” என்று டார்ச்சை நீட்டினார். ஆய்வு மூடியைக் கழற்றிப் பார்த்தபோது தகடு பாதி திறந்தபடியே இருந்தது. சுழல்தண்டையும் தகட்டையும் இணைக்கும் பின் துருவேறி அறுந்து எவ்வளவு காலமோ ஆகியிருந்தது. அன்று உண்மையான தீ இருந்திருந்தால், நாங்கள் திறந்துவிடும் வாயு முழுவதும் அந்த இடைவெளி வழியே வானத்துக்குப் போயிருக்கும். அதிலிருந்து எந்தக் கப்பலுக்குப் போனாலும் ஒவ்வொரு டேம்பரையும் ஒருவர் சுற்ற, இன்னொருவர் தகடு நகர்வதைக் கண்ணால் பார்த்தால்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

உள்ளே போகும் குழு

எரிபொருளை நிறுத்திய பிறகும் தீ சிறியதாக, எட்டக்கூடியதாக இருந்தால், அல்லது உள்ளே ஆள் சிக்கியிருந்தால், மூச்சுக்கருவி அணிந்த குழு உள்ளே போகலாம். எப்போதும் இருவர் சேர்ந்தே போக வேண்டும். அவர்களுக்குப் பின்னால், அதே உடை, அதே கருவியோடு இன்னும் இருவர் வாசலில் தயாராக நிற்க வேண்டும். வாசலில் ஒருவர் பலகையில் பெயர், உள்ளே போன நேரம், சிலிண்டர் அழுத்தம் ஆகியவற்றை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் தரக் கூடாது.

மூச்சுக்கருவியின் கணக்கு எளிது, அதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு லிட்டர் சிலிண்டரில் 300 பார் (அழுத்த அலகு) இருந்தால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கொண்டால் 45 நிமிடம் வரும். ஆனால் ஏறத்தாழ 50 பாரில் விசில் அடிக்கும். அதற்குக் கீழே இருப்பது வெளியே வருவதற்கான காற்று. எனவே வேலைக்கு உண்மையில் இருப்பது 37 நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதே சிலிண்டரில் 200 பார்தான் இருந்தால் 22 நிமிடம் சொச்சம். பயமும், சூடும், கையில் நீர் நிரம்பிய ஹோஸும் சேர்ந்தால் 40 லிட்டர் போதாது. முதல் ஒத்திகையிலேயே புதியவர்கள் பாதி நேரத்தில் சிலிண்டரைத் தீர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். இருவரில் குறைந்த அழுத்தம் யாருக்கோ அவருடைய கடிகாரம்தான் குழுவின் கடிகாரம். உள்ளே போக 60 பார் செலவானால் திரும்பவும் அவ்வளவு ஆகும். ஆகவே விசிலுக்காகக் காத்திராமல் முன்பே திரும்புங்கள்.

அணியும்போது அவசரப்படாதீர்கள். வால்வைத் திறந்து அழுத்தத்தைப் பார்த்து, மூடி, ஒரு நிமிடம் முள் இறங்குகிறதா என்று கவனித்து, மெதுவாகக் காற்றை வெளியே விட்டு விசில் அடிக்கிறதா என்று கேட்டு, முகமூடியை அணிந்து மூச்சை உள்ளிழுக்கும்போது அது முகத்தோடு ஒட்டி உறிஞ்சிக்கொள்கிறதா என்று பார்த்து, மறுபடி வால்வை முழுவதும் திறந்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும். தாடி இருந்தால் முகமூடி பொருந்தாது. இதைப் பற்றி நிறைய பேரோடு வாக்குவாதம் செய்திருக்கிறேன், இனியும் செய்வேன்.

கதவுக்கு முன் வந்ததும் கையுறையைக் கழற்றிப் புறங்கையைக் கதவின் கீழிருந்து மேலாக, தொடாமல் அருகே கொண்டுபோங்கள். மேல் பாதியில் பெயின்ட் கொப்பளித்திருந்தால், தண்ணீர் தெளித்தவுடன் சீறி ஆவியாகும் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே சூடான புகை அந்த உயரம் வரை இறங்கியிருக்கிறது. நீர் நிரம்பிய ஹோஸ் கையில் இல்லாமல் கதவைத் தொடக் கூடாது. நாசிலை ஸ்பிரேயில் வைத்துக் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, மேல்நோக்கிச் சில விநாடி தெளித்து, சாத்தி, ஆவி அடங்கிய பின் மறுபடி திறக்க வேண்டும். ஆக்சிஜன் இல்லாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் அறைக்குள் திடீரென்று காற்று புகுந்தால் வெடிப்பு போலத் தீ வெளியே பாயும். கதவை அகலத் திறப்பவர் அதற்கு நேர் எதிரே நிற்கிறார்.

முடிந்தவரை மேலிருந்து கீழே இறங்காதீர்கள், அது புகைபோக்கிக்குள் இறங்குவதற்குச் சமம். ஸ்டியரிங் கியர் ரூம் வழியாகவோ எஸ்கேப் டிரங்க் வழியாகவோ கீழ்த்தளத்தில் நுழைய முடியுமா என்று முன்கூட்டியே திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும். உள்ளே தவழ்ந்தோ குனிந்தோ, பாதத்தை இழுத்து இழுத்து, காலடியில் கிரேட்டிங் என்ற இரும்புக் கம்பித் தளம் இருக்கிறதா என்று சோதித்துப் போங்கள். கைவிடாத ஹோஸ்தான் திரும்பும் பாதை. உயிர்க்கயிற்றின் இழுப்புக் குறிகள் கப்பலுக்குக் கப்பல் மாறுவதால், வாசலில் நின்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்த பிறகே போக வேண்டும். எண்ணெய்த் தீயின் மேல் நேர்த்தாரை அடித்தால் அது சிதறிப் பரவும்; ஸ்பிரேயும் நுரையும்தான் அங்கே.

கார்பன் டை ஆக்சைடைத் திறப்பது

முதல் தாக்குதல் பலிக்கவில்லை, அல்லது தீ முதலிலிருந்தே அணுக முடியாததாக இருக்கிறது என்றால் கேப்டனும் சீஃப் எஞ்சினியரும் விரைவில் முடிவெடுக்க வேண்டும். இந்தச் சில நிமிடங்களில் தயங்கினால் எஃகு சூடேறி, கேபிள்கள் எரிந்து, மூடவேண்டிய கதவுகளே கோணிவிடும். ஆனால் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு ஐயத்துக்கு இடமில்லாத பதில் வேண்டும்: எல்லோரும் வெளியே இருக்கிறார்களா?

எவ்வளவு வாயு, ஏன் ஒரு தடவைதான் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். எஞ்சின் ரூமின் கொள்ளளவில், அதற்கு மேலே புகைபோக்கியை நோக்கி எழும் கூடான கேசிங் தவிர்த்து 40 விழுக்காடு, அல்லது கேசிங்கையும் சேர்த்து 35 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அந்த அளவு வாயு இருக்க வேண்டும். 4,000 கன மீட்டர் அறைக்கு 40 விழுக்காடு 1,600 கன மீட்டர். ஒரு கிலோவுக்கு 0.56 கன மீட்டர் என்று வகுத்தால் ஏறத்தாழ 2,860 கிலோ. 45 கிலோ சிலிண்டர்களாக 64. அதில் 85 விழுக்காடு இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பது விதி. எஞ்சின் ரூமுக்கு இரண்டாவது முறை அடிக்கச் சிலிண்டர்கள் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு டேம்பர் திறந்திருந்தால், ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால், உங்கள் ஒரே வாய்ப்பு அதன் வழியே போய்விட்டது.

காற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இந்த வாயு இருந்தால் மனிதன் சில நிமிடங்களில் நினைவிழப்பான். நாம் நிரப்புவது அதைப்போல மூன்று, நான்கு மடங்கு. 2019 மே மாதம் சீனத் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்த சரக்குக் கப்பலில், பராமரிப்பு வேலையின்போது வாயு தவறுதலாகத் திறந்து 10 பேர் இறந்தார்கள். தீயே இல்லாத கப்பலில் நடந்தது அது. இந்தச் சிலிண்டர் வரிசையில் எந்த வேலை செய்தாலும், என்ன பூட்டப்பட்டிருக்கிறது, எந்தப் பின் போடப்பட்டிருக்கிறது என்பதைச் சீஃப் எஞ்சினியரே நேரில் பார்க்க வேண்டும்.

திறக்கும் பெட்டியின் சாவி பக்கத்தில் சிறு கண்ணாடிப் பேழையில் இருக்கும். கண்ணாடியை உடைத்துச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் எஞ்சின் ரூமில் சைரன் அலறத் தொடங்கும், விசிறிகள் நிற்கும். உள்ளே இரண்டு சிறிய பைலட் சிலிண்டர்களும் இரண்டு வால்வுகளும் இருக்கும். ஒன்று எஞ்சின் ரூமுக்குப் போகும் முதன்மை வால்வைத் திறக்கிறது, மற்றது சிலிண்டர்களைத் திறக்கிறது. வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் செய்ய வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியேறக் குறைந்தது 20 விநாடி இடைவெளி அமைக்கப்பட்டிருக்கும். அதன் பின் குழாய்களில் பெரிய இரைச்சல் கேட்கும், அவற்றின் மேல் உறைபனி படியும். இரைச்சல் கேட்கவில்லை என்றால் வாயு போகவில்லை என்று கொண்டு, மூச்சுக்கருவி அணிந்து சிலிண்டர் அறைக்குப் போய்க் கையால் திறக்க வேண்டும். நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

சரக்கு அறையில் தீ என்றால் இதே சிலிண்டர்களிலிருந்து கொள்ளளவில் 30 விழுக்காடு என்ற கணக்கில் கொடுத்து, சரக்கு அறையின் மூடியான ஹேட்சைத் திறக்காமல் துறைமுகம் வரை கொண்டுபோவது வழக்கம். ஆனால் மூடி வைப்பது எல்லாச் சரக்குக்கும் பொருந்தாது. 1947 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டியில் கிராண்ட்காம் என்ற கப்பலில் அம்மோனியம் நைட்ரேட் மூட்டைகள் பற்றியபோது ஹேட்சுகளை மூடி நீராவியைச் செலுத்தினார்கள். தன் ஆக்சிஜனைத் தானே தருகிற சரக்குக்கு மூடுவதால் சூடு ஏறியதே தவிரத் தீ குறையவில்லை. கப்பல் வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கன்டெய்னரில் என்ன இருக்கிறது என்பதைச் சரக்குப் பட்டியலில் பார்த்து, அபாயச் சரக்குகளுக்கான ஈ.எம்.எஸ். வழிகாட்டியில் அதற்குரிய பக்கத்தைத் திறந்த பிறகே எதையும் செய்யுங்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எரிந்து, ஜூன் 2 அன்று அமிழத் தொடங்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில், நைட்ரிக் அமிலம் கசிந்த ஒரு கன்டெய்னர் தீக்கு முன்பே தெரிந்திருந்தது.

சுவர்களும் தண்ணீரும்

வாயு போன பின் வேலை குறைவதில்லை. எரியும் அறைக்கு நான்கு பக்கச் சுவர், மேல்தளம், அடித்தளம் என ஆறு முகங்கள். ஏ-60 என்று குறிக்கப்பட்ட சுவர், மறுபக்கத்துச் சராசரி வெப்பம் முன்பிருந்ததைவிட 140 டிகிரிக்கு மேல் உயராமல் 60 நிமிடம் தாங்கும். இன்சுலேஷன் இல்லாத வெறும் எஃகுச் சுவரோ சில நிமிடங்களில் மறுபக்கத்துப் பெயின்ட்டையும் மெத்தையையும் பற்றவைக்கும். எனவே ஒவ்வொரு முகத்தின் மறுபக்கத்திலும் எரியக்கூடியதை நகர்த்தி, சுவர் நனைந்து ஆவியாகும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். சாக்பீஸால் சுவரில் வட்டம் போட்டு எண் கொடுத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை அதே வட்டத்தின் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். பின்னால் உள்ளே போகலாமா என்ற முடிவுக்கு இந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்பதைச் சீஃப் ஆபீசர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எமர்ஜென்சி ஃபயர் பம்பு மணிக்குக் குறைந்தது 25 கன மீட்டர் தருகிறது. அதாவது மணிக்கு 25 டன்னுக்கு மேல் எடை, அதுவும் மேல்தளங்களில் அங்குமிங்கும் ஆடும் எடை. 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எரிந்த நார்மண்டி என்ற பிரெஞ்சுப் பயணிக் கப்பலின் தீ அணைந்தது. ஆனால் மேல்தளங்களில் ஊற்றிய தண்ணீரின் எடையால் மறுநாள் அதிகாலை அது பக்கவாட்டில் கவிழ்ந்தது. வடிகால்களை அடைக்கும் துணி, சாம்பலை நீக்கிக்கொண்டே இருங்கள், சாய்வைக் குறித்துவையுங்கள்.

துறைமுகத்தில் தீப்பிடித்தால் கரையின் தண்ணீரைப் பெற இன்டர்நேஷனல் ஷோர் கனெக்‌ஷன் என்ற தகட்டு இணைப்பு இருக்கிறது: 178 மில்லிமீட்டர் வெளிவிட்டம், நான்கு போல்ட்டுகள், உலகம் முழுவதும் ஒரே அளவு. அது எங்கே தொங்குகிறது, போல்ட்டும் வாஷரும் கூடவே இருக்கின்றனவா என்று பாருங்கள். டெக்கில் சிவப்புக் குழாயில் வைத்திருக்கும் ஃபயர் பிளானைக் கரைத் தீயணைப்பாளர் கையில் கொடுத்து, பக்கத்தில் ஓர் ஆபீசர் நிற்க வேண்டும். பம்பாயின் விக்டோரியா டாக்கில் 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பலில் பருத்திக்கும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளுக்கும் இடையே பிற்பகலில் புகை தெரிந்தது. கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்ற முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது தெளிவாகாமல் இரண்டு மணி நேரம் கழிந்தது. நான்கு மணி கடந்ததும் கப்பல் வெடித்தது. அன்று இறந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகத்தான் இன்றும் ஏப்ரல் 14 நம் நாட்டில் தீயணைப்புச் சேவை நாள். தீயின்போது கட்டளையிடுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதை அந்த நாளை நினைத்துச் சொல்கிறேன்.

மறுபடி உள்ளே இறங்குவது

புகை நின்றுவிட்டது, சுவர் சூடு குறைகிறது, எஞ்சின் இல்லாமல் கப்பல் மிதந்துகொண்டிருக்கிறது, அலுவலகத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன் வருகிறது. இந்த நேரத்தில்தான் யாராவது ‘கொஞ்சம் திறந்து பார்த்தால் என்ன’ என்பார்கள். திறக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைத் தள்ளிவைக்கிறதே தவிர எஃகைக் குளிர்விப்பதில்லை. உள்ளே இன்னும் சூடான உலோகமும் எண்ணெய் ஆவியும் இருக்க, புதிய காற்றை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் மறுபடி பற்றும். இம்முறை சிலிண்டர்கள் காலியாக இருக்கும். நியூ டைமண்ட் கப்பலில் தீ அணைந்துவிட்டது என்று சொல்லப்பட்ட பிறகு மறுபடி தீ மூண்டதை நினைத்துப் பாருங்கள். அத்தனை கப்பல்களும் ஆட்களும் சூழ நின்ற இடத்திலேயே அது நடந்தது.

ஆறு முகங்களின் எண்களும் சுற்றுப்புற வெப்பத்துக்கு நெருங்கி, பல அளவீடுகளுக்குத் தொடர்ந்து கீழிறங்கி நிலைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் முழுவதும் ஆனாலும் ஆகட்டும். பிறகு முழு உடையும் மூச்சுக்கருவியும் அணிந்த இருவர், வெளியே மாற்றுக்குழுவும் நீர் நிரம்பிய ஹோஸும் தயாராக இருக்க, தீப்பிடித்த இடத்துக்குத் தொலைவான, சூடு மிகக் குறைந்த கதவு வழியாக நுழைந்து, உடனே பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவர வேண்டும். எங்காவது கனன்று கிடப்பதைக் கண்டால் அணைத்து, வெளியே வந்து, மறுபடி காத்திருங்கள். எங்கும் தீ இல்லை என்று உறுதியான பின்பே விசிறிகளைப் போட்டு முழுவதும் காற்றோட்டம் தர வேண்டும்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கழிவுநீர் சேரும் அடிப்பள்ளமான பில்ஜிலும், எஞ்சின் ரூமின் அடித்தரையான டேங்க் டாப்பின் மூலைகளிலும், எரிபொருளைச் சுத்திகரிக்கும் பியூரிஃபையர் ரூமின் அடியிலும் தேங்கி நிற்கும். மீட்டரைக் கயிற்றில் கட்டி ஒவ்வொரு தளத்திலும் தரைவரை இறக்கி அளந்து, எல்லா இடத்திலும் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு என்று காட்டும்வரை யாரும் முகமூடியைக் கழற்றக் கூடாது. மேல்தளத்தில் சரியாக இருக்கிறது என்று கழற்றிவிட்டுக் கீழே ஏணியில் இறங்கியவர் ஐந்தாவது படியில் விழலாம். அவரைத் தூக்கப் பதறி முகமூடியில்லாமல் இறங்குபவர் அவர்மேல் விழுவார்.

அதன் பிறகும் எஞ்சின் ரூமில் இருவர் சுற்றிவரும் தீக்காவல் வேண்டும். காலியான மூச்சுக்கருவிச் சிலிண்டர்களை அன்றே நிரப்புங்கள், முடியாவிட்டால் முழுச் சிலிண்டர்கள் எத்தனை மிச்சம் என்று பிரிட்ஜில் எழுதி ஒட்டுங்கள். நனைந்த ஹோஸ்களை உலர்த்திச் சுருட்டி அதே பெட்டிகளில் வையுங்கள். தீ உணரும் கருவிகளின் எந்தெந்தப் பகுதி வேலை செய்யவில்லை என்று பட்டியல் எடுத்து, அங்கெல்லாம் மணிக்கு ஒரு முறை ஆள் போய்ப் பார்த்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். கார்பன் டை ஆக்சைடு தீர்ந்த கப்பல் இப்போது காவலற்ற கப்பல் என்பதைக் கேப்டன், கப்பல் பதிவான கொடி நாட்டுக்கும், கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் கிளாஸ் சொசைட்டிக்கும் அடுத்த துறைமுகத்துக்கும் தெரிவித்தாக வேண்டும். எஞ்சினை மறுபடி ஓட்டும் முன், எந்தக் குழாய் கசிந்ததோ அந்த இணைப்பையும், அதற்கு எதிரே இருந்த லேகிங்கையும் சீஃப் எஞ்சினியர் தன் கையால் தொட்டுப் பார்க்கட்டும்.